ஆளில்லாத தண்ணீர்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. நாட்ராயன் மாஸ்டரை நான் ஏமாற்றிய கதை. எங்கள் பதினொன்றாம் வகுப்பில் இதில் பாதியைச் சொன்னதற்கே ஒருத்திக்குத் தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. ஆனால் அதை இப்போதே சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. மாஸ்டரைச் சொல்ல வேண்டுமென்றால் பச்சோந்திகளைச் சொல்ல வேண்டும், பச்சோந்திகளைச் சொல்ல வேண்டுமென்றால் தண்ணீரைச் சொல்ல வேண்டும், தண்ணீரைச் சொல்ல ஆரம்பித்தால் அதில் கிடக்கிறவர்களையும் சொல்ல வேண்டும், ஆகவே சிரிப்பைக் கொஞ்சம் ஓரமாக மூடி வைத்துவிட்டு வருகிறேன், பொறுங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் விட்ட ஓர் ஆடி மாதம், எங்கள் ஊரான ஊஞ்சக்காட்டைச் சுற்றியிருக்கிற ஊஞ்ச மரங்களிலிருந்து பச்சோந்திகள் இறங்கி, ஒரு காலைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிக்கிற அந்த நடையில் தார்ச்சாலையைக் கடந்து, வீட்டுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. யாரும் கூப்பிடவில்லை, யாரும் துரத்தவும் இல்லை. செம்பருத்தி இருந்த வீட்டில் செம்பருத்தியிலும், செடி இல்லாத வீட்டில் துணிக்கொடியிலும், கொடியும் இல்லாத வீட்டில் கேபிள் டிவி ஒயரிலும் ஏறி உட்கார்ந்து, ஒரு கண்ணால் சமையல்கட்டையும் ஒரு கண்ணால் தெருவையும் பார்த்துக்கொண்டிருந்தன. பெண்கள் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். கிண்ணத்தை அவை சட்டையே செய்யவில்லை. நிற்கிற தண்ணீர் பச்சோந்தியின் கண்ணுக்குத் தெரியாது, அசைகிற சொட்டுதான் அதற்குத் தண்ணீர். அதை முதலில் கண்டுபிடித்தவர் டீக்கடை அங்கமுத்து. மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்றை வாங்கி, பாட்டிலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, செம்பருத்தி இலைமேல் சொட்டுச் சொட்டாக விழவிட்டார். பச்சோந்தி நாக்கை நீட்டி நக்கியது. நக்கிக் கொஞ்ச நேரத்தில் வாலிலிருந்து கழுத்துவரை காக்கி நிறமானது.

அது கோயில் கிணற்றுத் தண்ணீர். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிணற்றில் சைக்கிளோடு விழுந்து செத்துப்போனவர் தபால்காரர் செங்கோடன்.

“அட, நம்ம செங்கோடனுங்க” என்றார் அங்கமுத்து, பஸ்ஸில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். காக்கி அரைமணி நேரம் இருந்தது, பிறகு பச்சை திரும்பியது, எல்லோரும் உட்கார்ந்து மிச்சத்தைக் குடித்தார்கள்.

அன்றிலிருந்து எந்தத் தண்ணீரானாலும் அதில் ஆள் உண்டா இல்லையா என்று பார்ப்பது ஊரில் வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் உங்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். தோட்டம் வாங்க வருகிறவர்கள் கூடையில் பச்சோந்தியோடு வந்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில், நூறு நாள் வேலை அறிவிப்புக்குக் கீழே, ‘வடக்குத் தோட்டத்துக் கிணறு, மஞ்சள் கட்டம் போட்ட கைலி, உரியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிப் போட்டார்கள், உரியவர்களும் வந்து பார்த்துக்கொண்டார்கள். செம்மறி மேய்க்கிற ஓர் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் தடுப்பணைத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து சொட்டவிட்டு, பச்சோந்தி பள்ளிக்கூட நீலமாகி நிற்கிற அந்த அரைமணி நேரமும் அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எந்த ஆடு குட்டி போட்டது, எந்த வாத்தியார் மாற்றலாகிப் போனார் என்று வாரச் செய்தியெல்லாம் சொல்லிவிட்டு, நீலம் வெளுக்கிற நேரம் பார்த்து எழுந்து போவாள்.

சரி, பச்சோந்திக்குத் தினப்படி குடிக்க எந்தத் தண்ணீர் தருவது? எப்போதும் செத்தவர்களையே கொடுத்துக்கொண்டிருக்க முடியாதே, அதற்கும் அலுப்பு இருக்கும் அல்லவா? பனித்துளிதான் உசிதம் என்று கிழக்கு வீதி சொன்னது. மழைத்தண்ணீரை மண்ணில் படாமல் வாழையிலையில் பிடித்துக் கொடுக்க வேண்டும், மழை இன்னும் யாரையும் பார்த்திருக்காது என்று மேற்கு வீதி சொன்னது. இதற்காக இரண்டு வீதிக்கும் மாரியம்மன் நோம்பியில் கைகலப்பே ஆனது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் முழுக்க ஒத்துப்போனது: கேன் தண்ணீர் மட்டும் கூடாது. கேன் தண்ணீர் குடித்தால் பச்சோந்திக்கு நிறமெல்லாம் மறந்து வெறும் பல்லியாகப் போய்விடும்.

கேன் தண்ணீர் எங்களுடையது. அதாவது என் அப்பாவுடையது.

“ஏழு ஃபில்டருங்க” என்பார் அப்பா, வீடு வீடாக, அடித்தொண்டையில், ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒரு விரலை மடக்கி. “உப்பே உள்ள போவாதுங்க, கிருமியே உள்ள போவாதுங்க, ஆளு மட்டும் பூந்து வந்திருவானுங்களா? இது ஆளில்லாத தண்ணிங்க.” ஊர் அதை ஒத்துக்கொண்டது. செத்தவர்களை மரியாதையாக எழுந்து நின்று பார்ப்பது வேறு, அவர்களைச் சாப்பாட்டில் ஊற்றிச் சமைப்பது வேறு. கிணறு வைத்திருந்தவர்களும் குடிக்கக் கேன் வாங்கினார்கள். எண்ணூறு அடி போர்வெல் என்று அப்பா சொன்னதையும் நம்பினார்கள். அது போர்வெல் இல்லை. ஊருக்கு மேற்கே, பாறை எடுத்துவிட்டுப் போட்ட பழைய பாறைக்குழி, அடி தெரியாத ஆழம், பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். குழி வற்றிவிட்டது என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் நாங்கள் இடத்தை வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த வாரமே அதைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டோம். அம்மா, அப்பா, நான், மூன்று பேருக்குத்தான் அது தெரியும்.

இப்போது என்னைப் பற்றி. எனக்குக் குரல் வரும். யாராவது இரண்டு வரி பேசினால் போதும், மூன்றாவது வரியை அவர்களுக்கு முன்னால் அவர்கள் குரலில் நான் சொல்லிவிடுவேன். தலைமையாசிரியை குரலில் ஸ்டாஃப் ரூமுக்குப் போன் போட்டுக் கணக்கு டீச்சரைக் கிளப்பிவிட்டிருக்கிறேன். கேஸ் வண்டியின் ஸ்பீக்கர் குரலில் காம்பவுண்டுக்குப் பின்னால் நின்று கூவி, நாலு வீட்டுக்காரர்களைக் காலி சிலிண்டரோடு வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். அப்பா குரலில் எங்கள் லோடு ஆட்டோக்காரரை “இன்னிக்கி லீவு போய்யா” என்று அனுப்பிவிட்டேன், அப்பா அவர் வீட்டுக்கே போய் ஏனய்யா வரவில்லை என்று கத்தி, அவர் நீங்கதானுங்க சொன்னீங்க என்று கத்தி, இரண்டு பேரும் கடைசியில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டார்கள்.

டியூஷன் முடிந்ததும் மொபட்டில் கேன் போடுவது என் வேலை, ஆகவே எல்லார் வீட்டுக் கொல்லையும் எனக்குத் தெரியும். ஒருநாள் டீக்கடையில் காக்கி நிறம் ஏறிய பச்சோந்தி வாயைத் திறந்தது. சும்மா திறந்தது, அவை அப்படித்தான் வெக்கைக்குத் திறக்கும். காலி கேன்களுக்குப் பின்னால் இருந்த நான், கூரியர்க்காரர் குரலில் பாதியும் எங்கள் சித்தப்பா குரலில் பாதியும் கலந்து, “ரெஜிஸ்டர் தபாலுங்க, கையெழுத்துப் போடுங்க” என்றேன். அங்கமுத்து பாய்லரை விட்டுவிட்டுப் பேனாவைத் தேடினார். இது அந்தச் சிரிப்பு இல்லை, அது பின்னால் வருகிறது. நான் சொல்ல வந்தது, செங்கோடன் குரலை நான் கேட்டதே இல்லை, ஆனால் ஊருக்கும் அது மறந்துபோயிருந்தது, நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டது. பச்சோந்தி நிறம் மாறுகிறதென்றால் பேசுவதில் என்ன அதிசயம்? அடுத்த வாரமே பலகையில் ‘பேசும் நேரத்தில் குறுக்கே பேசக் கூடாது’ என்று எழுதிப் போட்டுவிட்டார்கள்.

இனி மாஸ்டர்.

நாட்ராயன் மாஸ்டர் சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிறவர். ஆர்டர் தந்த பார்ட்டி கொடுத்த துணித்துண்டையும் பட்டறையில் போட்ட சாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அது இல்லை என்று சொல்வதற்கு அவருக்குச் சம்பளம். டியூப்லைட்டில் ஒருபோதும் பார்க்க மாட்டார். டியூப்லைட் பொய் சொல்லும் என்பார். வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். கல்யாணமான புதிதில், தப்பாகிப்போன ஒரு சாயத்தை, காய்ந்த கத்திரிப்பூவுக்கும் வேட்டியில் பட்டு மறுநாள் தெரிகிற நாவல்பழக் கறைக்கும் நடுவில், பெயரே இல்லாத ஒரு நிறம், அதை வீணாக்க மனமில்லாமல் ஒரு வெள்ளைச் சேலையை அதில் முக்கி எடுத்துப் பெண்டாட்டிக்குக் கொடுத்தார். உலகத்தில் அந்த நிறத்தில் அது ஒன்றுதான்.

அவர் பெண்டாட்டி துளசிமணி. நாங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தின பங்குனியில், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டு, இதோ வருகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர். அரிசி சோறாகி, சோறு குழைந்து, குழைந்தது கரியாகிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அடுப்பை அணைத்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. பஸ் ஏறியதைப் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார், விறகுக்கு மேற்கே போனதைப் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னார், போலீஸ் ஒரு போட்டோ வாங்கி வைத்துக்கொண்டது.

பச்சோந்திகள் வந்ததும் மாஸ்டர் தன் வீட்டுக்கு வந்ததற்குச் சேம்பிள் என்று பெயர் வைத்தார். ஞாயிறு தவறாமல் சைக்கிளில் பிளாஸ்டிக் பாட்டில்களோடு கிளம்பி, கிணறு, குட்டை, வாய்க்கால், தொட்டிப்பாலம், மாட்டுத்தொட்டி, எங்கே தண்ணீர் நின்றாலும் ஓடினாலும் பிடித்து வந்து, இலைமேல் சொட்டவிட்டு, சேம்பிளைக் கையில் ஏந்திக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போவார். சேலை நிறம் வருகிறதா என்று பார்ப்பார். வராது. யாரோ ஒருவரின் வெள்ளை வேட்டி வரும், யாரோ ஒரு பிள்ளையின் சிவப்பு கவுன் வரும், பல நேரம் ஒன்றும் வராமல் பச்சையாகவே இருக்கும். அப்போது பிடித்து வைத்திருந்த மூச்சை விடுவார். துளசிமணியைத் தேடி அவர் இதைச் செய்யவில்லை, நன்றாகக் கவனியுங்கள், அவள் அகப்படக் கூடாது என்பதற்காகச் செய்தார். தண்ணீருக்குத் தண்ணீர் அவள் இல்லை என்று ஆக ஆக, எங்கோ ஓர் ஊரில் அவள் உயிரோடு இருக்கிற இடம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அவர் மூச்சு விடுகிற அந்தச் சத்தத்தைக் கொல்லை ஜன்னலுக்கு வெளியே கேனோடு நின்று எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறேன். ஒரு ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. பாவம் பார்த்தேன் என்று சொன்னால் பொய். அந்த முகம் எப்படி ஆகும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

துளசிமணியின் குரல் எனக்குத் தெரியாது. டிவி சீரியலில் வருகிற ஒரு சாந்தமான மருமகள் குரலைப் போடலாம் என்று முடிவுசெய்துகொண்டு, பச்சையாகவே நின்ற சேம்பிள் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து நானும் திறந்தேன். வந்தது அந்தக் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, சொல்லின் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு, தொண்டையில் சில்லென்று, எப்போதோ நான் பழகியிருந்த மாதிரி தானாக வந்தது.

“என்னங்கோ... பச்சத் தண்ணியில குளிக்காதீங்க. முட்டிக்கு ஆவாது.”

மாஸ்டர் சேம்பிளை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். “மணி” என்றார். பிறகு, “வெந்நி போட ஆளில்லையே மணி” என்றார்.

“நான் தண்ணிக்குள்ள இல்லீங்க” என்றேன். “கோயமுத்தூர்ல இருக்கறன். நல்லாத்தான் இருக்கறன். தேடாதீங்க.”

“எதுக்குப் புள்ள போன?”

 வாயைப் பொத்திக்கொண்டு, கேனைக் கொல்லையில் வைத்துவிட்டு, மொபட்டைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை ஓடினேன். ஓடுகிறபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது: கேட்காத குரலைக்கூடப் போட்டுவிட்டேனே!

ஊரும் அதை வாங்கிக்கொண்டது. பச்சையாக இருக்கிறபோதும் பேசியதென்றால் உயிரோடு இருக்கிறவர்களும் பேசலாம் என்றுதானே அர்த்தம் என்று அங்கமுத்து விளக்கினார், துபாயில் மகனை வைத்திருந்தவர்கள் பச்சோந்திக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். துளசிமணியின் தம்பி கோயமுத்தூரில் தெருத்தெருவாக விசாரிக்கட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் மாப்ள. தேடாதீங்கன்னு சொல்லீட்டா. இருக்கறாங்கறதே போதும்” என்றார். அவர் சவரம் செய்துகொண்டார். கரி பிடித்த அந்த அரிசிப் பாத்திரத்தை, இத்தனை நாள் அப்படியே வைத்திருந்ததை, மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

இன்னும் மூன்று ஞாயிறு போனேன். ஒவ்வொரு தடவையும் குரல் கூப்பிடாமலே வந்து நின்றது. நான் வாயைத் திறப்பதுதான் பாக்கி. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு “உள்ளேன் அம்மா” என்று சொல்லும்போது ஒருநாள் கரகரவென்று அந்த இழுப்போடு வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் பாதிக் கதையைச் சொன்னேன். மீதிப் பாதியை மாஸ்டரிடமே செய்து காட்டிவிட்டு வந்து சொல்வதாக இருந்தேன். நேரே அவர் எதிரில் நின்று, கண்ணைப் பார்த்து, அந்தக் குரலில் “என்னங்கோ” என்று கூப்பிட்டு, அவர் திகைத்து, என்னைப் பார்த்து, சேம்பிளைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்து... அதுதான் நான் உங்களுக்குச் சொன்ன சிரிப்பு. இதோ அதற்குத்தான் வருகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவரே போன் செய்தார். ஒரு கேன் கொண்டு வா அம்மிணி, அவசரம் என்றார். போனேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டியூப், பாட்டில், செம்பருத்தித் தொட்டி எல்லாம் கூடத்தில் தயாராக இருந்தன.

“வா அம்மிணி, வா. இன்னியோட சேம்பிளுக்கு ரிட்டயர்மெண்டு.”

“கேன் தண்ணியா குடுக்கப் போறீங்க மாஸ்டர்? பல்லியாப் போயிரும்பாங்களே.”

“போவட்டுமே. எத்தன பேரச் சொமந்திருக்குது அது? கெணத்துல உளுந்தவன், வாய்க்கால்ல போனவன், ஊர்ப்பட்ட செத்தவங்க துணியெல்லாம் எனக்காகப் போட்டுப் போட்டுக் கழட்டீருக்குது. இனியாச்சும் யாரும் இல்லாத தண்ணியக் குடிச்சுட்டுச் சும்மா கெடக்கட்டும். மணிதான் கோயமுத்தூர்ல இருக்கறாளே.” கேனின் மூடியை உடைத்தார். “உங்கப்பன் தண்ணிதான் சரி. ஏழு ஃபில்டரு.”

“உப்பே உள்ள போவாதுங்க” என்றேன் அப்பா குரலில், ஒரு விரலை மடக்கி. மாஸ்டர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அது முதல் தடவை, பற்கள் சின்னப் பிள்ளைக்கு இருப்பது போல நடுவில் சந்து விட்டிருந்தன. இவரிடம் இன்றைக்கே சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார், சேர்ந்து சிரிப்பார் என்று தோன்றியது.

சொட்டு விழுந்தது. சேம்பிள் ஒரு கண்ணை என்மேலும் ஒரு கண்ணை இலைமேலும் வைத்துக்கொண்டு நக்கியது. இரண்டு சொட்டு, மூன்று சொட்டு, ரொம்ப நாள் தாகம் போல விடாமல் நக்கியது. பச்சை வெளுத்தது. வெளுத்து வெளுத்துச் சாம்பலாகிச் சுண்ணாம்பாகி நிஜமாகவே ஒரு பல்லியைப் போல நின்றது.

“ஆயிருச்சு மாஸ்டர்! பல்லி ஆயிருச்சு!”

“ஆயிருச்சு சாமி, ஆயிருச்சு” என்று அவர் கைதட்டினார்.

பிறகு வால் நுனியில் ஒரு நிறம் வந்தது.

அது மெதுவாக ஏறியது, சாயத்தொட்டியில் துணியை இறக்கினால் ஏறுமே அப்படி, பின்னங்கால், வயிறு, முதுகுத்தண்டு, கழுத்து. காய்ந்த கத்திரிப்பூ இல்லை. நாவல்பழக் கறை இல்லை. இரண்டுக்கும் நடுவில்.

மாஸ்டர் எழுந்து பீரோவைத் திறந்து, பாலிதீன் உறையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்தார். சாயத்தில் முக்கிய அன்றைக்கே சேலை முந்தானையில் வெட்டி வைத்துக்கொண்ட சேம்பிள் துண்டு. பச்சோந்தியைக் கையில் ஏந்திக்கொண்டு வடக்கு ஜன்னலுக்குப் போனார். துண்டை அதன் முதுகோடு சேர்த்து வைத்தார். திருப்பி வைத்தார். இடப்பக்கம் வைத்ததை வலப்பக்கம் மாற்றி வைத்தார். வெளியே வெயில் கொளுத்தியது, பொய் சொல்லாத வெளிச்சம். துண்டு எங்கே முடிகிறது, பச்சோந்தி எங்கே தொடங்குகிறது என்று நின்ற இடத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விடவே இல்லை.

“மணி” என்றார் அதனிடம். “பேசு புள்ள. கோயமுத்தூருன்னு சொன்னியே. இப்பச் சொல்லு.”

சேம்பிள் வாயை மூடியே வைத்திருந்தது.

“பேசு” என்றார். “பொய்யாச்சும் சொல்லு.”

நான் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். சத்தியமாகக் கடித்தேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேறு குரல்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், தலைமையாசிரியை, கேஸ் வண்டி, அப்பா, செங்கோடன். ஒன்றும் வரவில்லை. என் குரல் எது என்று தேடினேன், அதுவும் அகப்படவில்லை. தொண்டையில் சில்லென்று ஏறியது, பாறைக்குழி வாசனை அடித்தது, வாய் திறந்துகொண்டது.

“என்னங்கோ... அரிசி அடுப்புல இருக்குதுங்க. எறக்குனீங்களா?”

மாஸ்டர் பச்சோந்தியைப் பார்த்தார். அதன் வாய் மூடியிருந்தது. பிறகு, நிறம் பார்க்கும்போது திரும்புவாரே அதைப் போல உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் மெதுவாக என் பக்கம் திருப்பினார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என் கைகளைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், கூடத்தில் மூடி உடைந்து நின்ற கேனைப் பார்த்தார், மறுபடி என் தொண்டையைப் பார்த்தார். கோபமே இல்லை. பட்டறையில் இது அதுதான் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருப்பாரே, அந்த முகம்.

“உங்க ஊட்டுல நீங்க குடிக்கறதும்” என்று மிகவும் மெதுவாகக் கேட்டார், “இதே தண்ணிதானா அம்மிணி?”